அரை மதிப்பெண்

சட்டம் ஜூலையில் வந்தது.
தியாகியின் வாழ்வும் எழுத்தும்
எல்லாப் பள்ளியிலும், வாரம் இரண்டு பீரியட், கட்டாயம்.
விளையாட்டுப் பீரியடில் கைவைத்தார் தலைமையாசிரியர்.
பந்தை பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

புத்தகங்கள் செப்டம்பரில் வந்தன,
கொடைக்கானல் பஸ்ஸின் கூரையில், உரமூட்டைக்கடியில்,
நனைந்து.
பூம்பாறையில் எதுதான் காய்கிறது?
பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே
ஒரு வாரம் பரப்பிவைத்தும்
பத்தாம் பக்கம் பதினொன்றை விடவில்லை.
தியாகியின் மீசையிலும் பூண்டு வாசம்.

வாழ்வு நாற்பது பக்கம்.
எழுத்து ஒன்றரை:
சிறையிலிருந்து தம்பிக்கு ஒரு கடிதம்.
வழக்கு, வக்கீல், நாட்டின் நிலை. கடைசியில்,
‘கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு,
பழசானாலும் சரி.’

அரையாண்டுத் தேர்வு, கேள்வி ஏழு:
தியாகியின் பண்புநலன்கள் யாவை?
திண்டுக்கல்லிலிருந்து வந்த விடைக்குறிப்பு:
வீரம், தியாகம், நாட்டுப்பற்று, எளிமை.
பண்புக்கு அரை.
முப்பத்தொரு பேர் அதே வரிசையில் எழுதியிருந்தார்கள்,
ஒன்பது பேர் ‘எழிமை’ என்று.

கிருபாராணி மட்டும்:
‘அவருக்குக் கால் குளிரும்.’

சிவப்புப் பேனாவை மூடினேன். திறந்தேன்.
கைகளை மாற்றி மாற்றி அக்குளில் செருகிக்கொண்டு
அவள் அதை எழுதியதைப் பார்த்தவன் நான்.
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
குளிர் ஒரு பண்பா?
அரை போட்டேன்.

ஜனவரியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி
அந்த அரையைச் சுழித்தார்.
‘இது எதில் இருக்கிறது?’
‘எழுத்தில் இருக்கிறது சார்,
வாழ்வில் விட்டுப்போயிருக்கிறது.’

அவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு
அடுத்த தாளைப் புரட்டினார்.