பொய்மீன்

இன்னும் ஒரே ஒரு எறி என்றுதான் எறிந்தேன்,
ஐந்து ஐம்பதுக்கு.

அதற்கு முன்பே ஒரு பொய் போய்ச் சேர்ந்திருந்தது:
நூற்றியொன்று காய்ச்சல், தாரூவாலா சார்,
கண்ணைத் திறக்க முடியவில்லை.
அதைத் தட்டும்போது மடியில்
பொய்மீன் டப்பா திறந்து கிடந்தது.
பச்சை முதுகு, வெள்ளி வயிறு,
உள்ளே கிலுகிலுக்கும் இரண்டு குண்டுகள்,
கீழுதட்டில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு.
இழுத்தால் அடிபட்ட மடவையாக நொண்டும்.
எண்ணூற்று இருபது ரூபாய்.
என்னைவிட நன்றாகச் சொல்லும்.

வசாய் பாலத்தின் நான்காவது தூண்.
வத்தத்தில் தண்ணீர் அங்கே முறுக்கிக்கொண்டு சுழிக்கும்.
அந்தச் சுழிக்குப் பின்னால்
ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்து
அசையாமல் கொடுவா நிற்கும்.
நிற்கும் என்று நம்புகிறேன்.
பதினோரு ஞாயிறும் மூன்று காய்ச்சலும்
நம்பியாகிவிட்டது.

எறிந்தேன். கனமாக வந்தது
ஒரு பாலித்தீன் பை.
ரயிலிலிருந்து யாரோ கும்பிட்டு வீசிய
செண்டுமல்லி, எலுமிச்சை, பாதி எரிந்த ஊதுபத்தி.
முள் மூன்றையும் பூவிலிருந்து கழற்றி
நிமிர்ந்து துடுப்பைப் போட்டால்
தொட்டது தண்ணீர் இல்லை.

சேறு.

அமாவாசை கழிந்து இரண்டாம் நாள்.
அட்டவணை பார்த்தவள்தான், சுவரில் ஒட்டியவள்தான்.
கயாக் வயிற்றை வைத்து உட்கார்ந்துவிட்டது.
இறங்கி இழுக்கலாமா என்று துடுப்பைக் குத்தினேன்.
பாதிக் கம்புவரை போயிற்று, இன்னும் கேட்டது.
பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

உட்கார்ந்திருந்தேன்.
ஒற்றைக் கொடுக்கு நண்டுகள் வளையைவிட்டு வந்து
என்னைப் பார்த்துக் கையாட்டின,
வா என்றா போ என்றா தெரியவில்லை.
உளுவை ஒன்று படகின் விளிம்பில் ஏறி
இரு கண்ணையும் தனித்தனியாகச் சிமிட்டியது.
பிஸ்கட் ஒரு பாக்கெட். தண்ணீர் கால் பாட்டில்.
மேலே ஏழு நாற்பத்திரண்டு.

ஏழு நாற்பத்திரண்டு என் வண்டி.
லேடீஸ் பெட்டி, இடது வாசல்,
ஈரத் தலையை விரித்துக் காயவிட்டபடி
ருஜுதா சுர்வே நிற்கும் வாசல்.
ஆரஞ்சுப் படகு, ஆரஞ்சுச் சட்டை,
இத்தனை சாம்பலுக்கு நடுவே நான்.
குனிந்தேன். குனிந்து எங்கே போவது?

கைபேசி அதிர்ந்தது. ஒரு படம்:
சேற்றில் ஒரு நகக்கண் அளவு ஆரஞ்சு.
கீழே: இதுதான் காய்ச்சலா, பூங்கோதை?
நிறம் நன்றாக இருக்கிறதே.

யாருக்கும் அனுப்பாதே, என்றேன்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.
அம்மா ஊர்ப்பெயரைச் சொல்லும்போது
யகரத்தை விழுங்கி வசை என்பாள்.
எட்டு வருடம் திருத்தியிருக்கிறேன்.

எட்டே காலுக்கு நண்டுகளைக் காணோம்.
வளைகள் ஒவ்வொன்றும் ஒரு குமிழ் விட்டு மூடின.
முதலில் நகர்ந்தது அந்தப் பூப்பைதான்,
கடலுக்கு அல்ல, உள்ளே, ஊர்ப்பக்கம்.
ஏத்தம்.
பொய்க்காதது இது ஒன்று.
அடியில் ஒரு விரல், இரண்டு விரல், ஒரு முழங்கை,
பிறகு படகு இடுப்பை லேசாக ஆட்டிக்கொண்டது.

துடுப்பை எடுக்கிறேன், கோல் வளைகிறது.
எறியவில்லை, இழுக்கவில்லை,
மறந்து பக்கத்தில் தொங்கவிட்ட பொய்மீனை
கலங்கல் நீரில் எதுவோ வாங்கிக்கொண்டது.
சொடுக்கு, தெறிப்பு, ஒரு துள்ளல்.
கொடுவா! கொடுவாதான்!
பதினோரு ஞாயிறும் நான்கு காய்ச்சலும் சேர்ந்து
ஒரு சாண்.

வெயிலில் கண் தணல்போல் சிவந்தது.
தான் விழுங்கப் பார்த்ததைவிடக்
கொஞ்சம்தான் பெரிது.
உதட்டிலிருந்து முள்ளை நெம்பி எடுத்தேன்.
நீருக்குள் வைத்துப் பிடித்தேன்.
விரல் தெரிவதற்குள் போய்விட்டது,
உள்ளங்கையில் வழவழப்பு மட்டும்.

மறுபடி அதிர்வு. ருஜுதா.
அனுப்பவில்லை. பயப்படாதே.
ஏதாவது கிடைத்ததா? எத்தனை கிலோ?

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கரையைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன்.

இரண்டரை, என்றேன்.