மே மாதத்துப் படம்

காலண்டர் சீசன் முடிந்து
மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துணி மூடிய வாரம்
முதலாளி இரண்டு நாள் லீவு கொடுத்தார்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
நானும் இவரும் மட்டும் ஏறிய முதல் பஸ்.
வத்தலக்குண்டில் இட்லி.
பெருமாள்மலை வரும் முன்பே அது வெளியே வந்துவிட்டது.
பையை இவர்தான் விரித்துப் பிடித்தார்,
கழிவுத் தாளை வாங்குகிற கையோடு,
முகம் சுளிக்காமல்.

சிவகாசியில் நான் தகரம் அடிக்கிறவள்.
பன்னிரண்டு மாதத்தையும் அடுக்கி, தட்டி, ஓரம் சேர்த்து
தலையில் தகரம் வைத்து மிதித்தால்
ஒரு வருஷம் ஆச்சு.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் மிதிப்பேன்.
அதில் மே மாதம் எப்போதும் கொடைக்கானல் ஏரி:
நீலத் தண்ணீர், சிவப்புப் படகு,
பின்னால் ஒரு மலை, மலை உச்சியில் பனி.
தகரக் கூரை கொதிக்கிற மத்தியானத்தில்
அந்தப் பனியைக் கட்டைவிரலால் ஒரு தொடு தொட்டுவிட்டுத்தான்
ஜூனோடு சேர்ப்பேன்.

வேனுக்கு ஆளுக்கு நானூறு, பன்னிரண்டு இடம்.
‘மாசத்துக்கு ஒண்ணு’ என்றார் இவர்.

ஏரி பச்சையாக இருந்தது.
சிவப்புப் படகு இருந்தது.
பின்னால் மலை, மரம், ஒரு ஹோட்டல்,
அதன் மாடியில் காயப்போட்ட போர்வைகள்.
‘பனிமலை எந்தப் பக்கம்ணே?’
துடுப்புப் போடுகிறவர் சிரிக்கவில்லை.
‘எந்த ஊரும்மா?’
‘சிவகாசி.’
‘அப்ப உங்க ஊருலேருந்துதான் வருது அந்தப் படம்.’

இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
‘அது சுவிட்சர்லாந்து, வேலுத்தாயி.
கொடைக்கானல்னு கீழே போடச் சொன்னாங்க, போட்டோம்.’
‘எத்தனை வருஷமாத் தெரியும்?’
‘ஒம்பது.’
‘சொல்லவேயில்லை.’
‘நீ அதைத் தொட்டுத் தொட்டு வைப்பே.
மிஷின் சந்து வழியாப் பாப்பேன்.’

படகுக்கு முந்நூறு ரூபாய்.
முந்நூறுக்கும் நான் பேசாமல் இருந்தேன்.

தூண் பாறையில் தூணும் இல்லை, பாறையும் இல்லை.
கம்பியில் சாய்ந்து ஊரே நின்று
வெள்ளையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.
இவர் ஒற்றைக் கண்ணை மூடி,
முதல் ஷீட்டை டியூப்லைட்டில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்து,
‘இங்க் ஏறலை. வெறும் ஆர்ட் பேப்பர்’ என்றார்.
சிரிக்கக் கூடாதென்றுதான் இருந்தேன்.

அப்புறம் இடது மூலையில் ஒரு சாம்பல்.
அதன்மேல் மஞ்சள் வந்தது, சியான் வந்தது,
அரைப் பாறை நின்றது,
பக்கத்தில் அதன் நிழல் ஒரு நூல் தள்ளி.
‘ரெஜிஸ்டர் சேரலை, இரு, இரு’ என்று
காற்றில் ஏதோ திருகைத் திருகினார்.
சேர்வதற்குள் மறுபடி வெள்ளை.
யாரோ ஒரு குழந்தை மக்காச்சோளம் கேட்டு அழுதது.

மற்ற இடங்கள் அவ்வளவாக ஞாபகமில்லை.
பைன் காட்டில் ஒரு குரங்கு
இவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பறித்துப்போய்
திறந்து பார்த்து, காலி என்றதும்
எங்கள் மேலேயே விட்டெறிந்தது.
ராத்திரி லாட்ஜில் ஒரே கம்பளி.
ஜன்னல் இடுக்கில் இவர் பேப்பர் மடித்துச் சொருகினார்,
எட்டு மடிப்பு, ஓரம் பிசகாமல்.

திங்கட்கிழமை காலை, பஸ் நிலையத்து டீக்கடை.
சுவரில் தினசரிக் காலண்டர்,
அடியில் பொடி எழுத்தில் எங்கள் பிரஸ்.
வெள்ளிக்கிழமையிலேயே நின்றிருந்தது.
இவருக்குப் பொறுக்கவில்லை.
கடைக்காரரைக் கேட்காமலே வெள்ளியைக் கிழித்தார், சனியைக் கிழித்தார்,
நாங்கள் வந்த ஞாயிறை மட்டும்
கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

திங்கள்.
சூலம் கிழக்கு. பரிகாரம் தயிர்.

கிழக்கே இறங்குகிற பஸ்
புகை விட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.
‘தயிர் இருக்காண்ணே?’ என்றேன்.
அவர் அடுக்குப்பானை மூடியைத் தூக்கி,
உள்ளே பார்த்து, சாய்த்தும் பார்த்தார்.
‘ராத்திரியே உறை ஊத்திட்டேம்மா.
இந்தக் குளிருக்கு
இன்னும் உறையலை.’