ரூபியேராவில் ஒரு நிமிடம்

பார்மாவில் பிப்ரவரி.
பிழியாத துணிபோல் ஜன்னலில் தொங்குகிறது மூடுபனி.
சமையலறை மேசையில் இத்தாலியை விரித்து
மூலைக்கொன்றாய்க் கனம் வைக்கிறாள் இவோன்:
உப்பு ஜாடி, காபிக் குவளை, என் மூக்குக்கண்ணாடி,
அவளுடைய முழங்கால் மாத்திரை டப்பா.
சிசிலி டப்பாவுக்கு அடியில் போய்விட்டது.
"அது அடுத்த வருஷம்" என்கிறாள்.

எனக்கு ஐம்பத்தொன்பது, அவளுக்கு அறுபத்தொன்று.
ஒரே வீட்டில் வாழத் தொடங்கிப் பதினான்கு மாதம்.
இதுவரை சேர்ந்து போன நெடும்பயணம்
எலும்பு மருத்துவமனைக்கு.

முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பார்த்தவன் நான்.
எந்த ஊரானாலும் என்னைக் கேள் என்றேன்.
கேட்டாள்.

ஃபிளாரன்ஸ்?
பதினொரு நிமிஷம் நிற்கும். வந்த வழியே பின்வாங்கித்தான் வெளியேற வேண்டும்.
ஒர்வியேத்தோ?
இரண்டு நிமிஷம். பாறை உச்சியில் ஊர்.
ரோமுக்குப் போகையில் வலப்பக்க ஜன்னல்.
சிங்க்வே தெர்ரே?
சுரங்கம், கடல், சுரங்கம், கடல்.
ஒரு டிக்கெட்டை வாங்கித் திருப்பித் தருவதற்குள்
கடல் முடிந்துவிடும்.
வெனிஸ்?
இரண்டு பக்கமும் தண்ணீர் வரும்.
டிக்கெட் இல்லாதவர்கள் கழிப்பறைக்குள் ஒளிவது அங்கேதான்.
நான் அந்தக் கதவைப் பார்த்து நின்றிருப்பேன்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
"ஆக, நீ ஒரு ஊரையும் பார்த்ததில்லை."
"எல்லா ஊரிலும் நின்றிருக்கிறேன்."
"நின்றது ரயில்."

அன்றிலிருந்து நான் நிமிஷத்தில் எழுதினேன்,
அவள் படிக்கட்டில் எழுதினாள்.
ஃபிளாரன்ஸ் குவிமாடம்: நானூற்று அறுபத்து மூன்று படி.
நீ ஏறு, நான் கீழே ஐஸ்கிரீமோடு.
பீசா: சாய்ந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு தூரமா,
என் வலது காலைப் பார்த்தால் போதாதா?
அடித்தாள். மறுநாள் காலை அதே வரியை
அழுத்தமாகத் திரும்ப எழுதினாள்.
சியென்னா சதுக்கம்: படி கிடையாது, சரிவு;
செங்கல் தரையில் காலை நீட்டி உட்காரலாம்.
அதற்கு இரண்டு அடிக்கோடு.
வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி.
கொண்டோலா என்றாள். கூலியைச் சொன்னேன்.
"அப்படியானால் ஒரே ஒரு தடவை."
மூன்றாம் நாளுக்கு நேரே எதுவுமில்லை.
இது என்ன வெற்றிடம்?
"அன்றைக்கு நாம் சண்டை போடுவோம்.
அதற்கும் நேரம் வேண்டுமே."

ஏப்ரலில் கிளம்பினோம்.
ரெஜ்ஜோ தாண்டியதும் மிர்கோ வந்தான்,
நான் வேலை பழக்கிய பையன். கட்டிக்கொண்டான்.
கம்பீரமாக டிக்கெட்டை நீட்டினேன்.
முன்பக்கம் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"ஒரெஸ்தே… இதில் முத்திரை விழவில்லையே."

நடைமேடையில் அந்த மஞ்சள் பெட்டி.
அதன் முன்னால்தான் அவளுடைய பையை வாங்கிக்கொண்டேன்.
எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் இந்த அபராதத்தை!
மறந்துவிட்டேன் ஐயா என்று எத்தனை மாணவர்கள்,
எத்தனை புதுத் தம்பதிகள்.

"மறந்துவிட்டேன்" என்றேன்.
"எல்லோரும் இதைத்தான்…" என்று
வாய்ப்பழக்கத்தில் தொடங்கி விழுங்கினான் மிர்கோ.
என் வசனம் அது.
இவோன் சிரித்த சிரிப்பில் பெட்டி முழுதும் திரும்பியது.
"எழுது தம்பி, எழுது,
யானைக்கு ரசீது கொடு."
பென்சிலை எடுத்துக்
கொண்டோலாவை அடித்தாள்.

ரயில் வேகம் குறைந்தது. ரூபியேரா.
எங்கள் தாளில் இல்லாத நிலையம்.
"இங்கே என்ன இருக்கிறது?"
"தெரியாது. ஒரு நிமிஷம் நிற்கும்."
அவள் எழுந்துவிட்டாள்,
நல்ல காலை முன்னால் வைத்து.

கதவுகள் மூடும் விசிலுக்குக்
கை தானாக என் சட்டைப்பைக்குப் போயிற்று.
விசில் மிர்கோவிடம்.
மூன்று விளக்கு, பிறகு இரண்டு, பிறகு வளைவு.
ரயிலுக்கு இப்படியொரு முதுகு இருப்பதை
இன்றுதான் பார்க்கிறேன்.
இவோன் அதற்குள் வெளிவாசலில் யாரையோ நிறுத்தி,
இங்கே நல்ல காபி எங்கே கிடைக்கும்,
எத்தனை படி ஏற வேண்டும் என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.