முக்கால் என்றால் என்ன

சிம்மக்கல்லில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மாலை நேர வகுப்பு.
ஐம்பத்தெட்டு பேர் அனுப்பும் நிரல்களை
ராத்திரி உட்கார்ந்து நான் திருத்துகிறேன்.
பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்:
எக்ஸ், எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு,
கடைசியில் புதிய எக்ஸ்.

இருளப்பனுக்கு நாற்பத்து மூன்று வயது,
என்னைவிடப் பதினாறு கூட.
கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
அவர் நிரலில் பதினோரு ‘இஃப்’.
பெயர் ஆண்டிபட்டி சென்றாயன் என்றால் இவ்வளவு,
பெயர் கன்னிவாடி பவுன்தாய் என்றால் இவ்வளவு,
இப்படியே நூற்றுப் பன்னிரண்டு வரி.
நடுவில் ஒன்பது இடத்தில் 0.75,
எதற்கென்று சொல்லாமல்.

நான் எழுதினேன்:
‘பொதுமைப்படுத்தவும். தெளிவாக எழுதவும்.
மாறிகளின் பெயர் பொருள் தர வேண்டும்.’
அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

மறுநாள் வகுப்புக்கு முன்பே மாடிப்படியில் நின்றார்,
சட்டையில் வெங்காயச் சருகு.
கையில் இரண்டு போன்.
ஒன்று நெல்பேட்டை ஃபர்ஸானாவுடையது.
“இதே மூணு வரியத்தான் அந்தப் பிள்ளைக்கும் எழுதியிருக்கீங்க.
அது போட்டது வட்டக் கணக்கு.
ஊமச்சிகுளம் பையனுக்கும் இதானாம்.
மண்டியில இப்படிச் சீட்டு எழுதினா
லாரிக்காரன் இறக்காமலே திரும்பிருவான்.”

கோபமில்லை. சந்தேகம் கேட்கிற குரல்.
அதுதான் சுட்டது.

என் குறிப்பு எல்லாருக்கும் பொருந்தும்,
ஒருத்தருக்கும் புரியாது.
அவர் நிரல் யார் படித்தாலும் புரியும்,
பதினோரு பேருக்கு மேல் பொருந்தாது.

படியிலேயே உட்கார்ந்தோம்.
“இந்த முக்கால் என்ன?”
“சாக்கு. வெறுஞ்சாக்கோட எடை.”
“அப்ப சாக்குன்னே பேர் வைங்க. ஒரே ஒரு இடத்தில.
நாளைக்கு வேற சாக்கு வந்தா?”
“ஒம்பது இடத்துலயும் மாத்தணும்” என்றவர்
பாதியில் நிறுத்தினார்.
எட்டை மாற்றி ஒன்றை மறந்தால்
அது யார் தலையில் விடியும் என்று
எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

சென்றாயனுக்கும் பவுன்தாய்க்கும் எது மாறும்?
மூட்டை, எடை, அன்றைய விலை.
இறக்குக் கூலி?
எல்லாருக்கும் ஒன்று.
கமிஷன்?
யோசித்தார்.
“பவுன்தாய்க்கு மட்டும் அரை சதவீதம் கம்மி.
முதலாளி ஏன்னு சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.”
மாறுவதை வெளியிலிருந்து வாங்குங்கள்,
மாறாததை உள்ளே வையுங்கள் என்று
கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதினேன்.
கமிஷனை எங்கே போடுவது என்று
தாளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்தார்.
“பன்னெண்டாவது ஆள் வந்தா?” என்றேன்.
“வரமாட்டாங்க.”
கொஞ்சம் பொறுத்து,
“வரலாம்.”

ஞாயிறு ராத்திரி மறுபடி அனுப்பினார்.
முப்பத்தொரு வரி.
கமிஷன் வெளியிலிருந்து வருகிறது.
செயற்கூற்றின் பெயர் ‘நிகர எடை’.
பத்தொன்பதாவது வரியில் ஒரே ஒரு ‘இஃப்’:
சாக்கு நனைந்திருந்தால்
கணக்குப் போடாமல் நின்றுவிடுகிறது,
திரையில் இப்படிச் சொல்லிவிட்டு:
‘மழை. கொட்டிட்டு வெறுஞ்சாக்கை நிறு.’

இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.
‘நன்று’ என்று அடித்தேன். அழித்தேன்.
‘பத்தொன்பதாவது வரி’ என்று தொடங்கி
மழையைப் பற்றியே ஒரு பத்தி எழுதினேன்.

பிறகு ஃபர்ஸானாவின் கோப்பைத் திறந்தேன்,
உண்மையில் முதல் தடவையாக.
நாலு இடத்தில் பை.
பழைய மூன்று வரியை எடுத்துவிட்டு
‘இந்த நாலில் ஒன்று
3.41 என்று இருக்கிறது, பாருங்கள்’
என்று ஆரம்பித்தேன்.