முன்பே செய்து வைத்தது

"இதோ, முன்பே செய்து வைத்தது" என்று
ஜெகசோதி கமராவைப் பார்த்துச் சிரிக்கையில்
மேசைக்குக் கீழே குந்தியிருப்பது நான்.

பசை காய ஒரு மணித்தியாலம்.
நிகழ்ச்சிக்கோ இருபத்திரண்டு நிமிடம்.
அந்த இடைவெளிதான் என் உத்தியோகம்.

வெள்ளி இரவுகளில், கொட்டாஞ்சேனை அறையில்,
பால்மாப் பெட்டி கலங்கரை விளக்கமாகும்.
வெட்டியது ஒன்று, பாதி ஒட்டியது ஒன்று, முடிந்தது ஒன்று:
ஒரே பொருளை மூன்று தரம் செய்வேன்.
திரையில் என் விரல்கள் மட்டும் சில வேளை வரும்,
நகத்தில் பசையோடு.

நெறியாளர் பேரின்பம்
லண்டனில் மூன்று மாதப் பயிற்சி முடித்துக்
கொண்டுவந்த சரக்கு இது.
அங்கே ஒரு சிறுவர் நிகழ்ச்சியாம்,
நாங்கள் பிறக்கமுன் தொடங்கி இன்னும் முடியவில்லையாம்.
தொகுப்பாளர்கள் மாறுவார்களாம். நாயும் மாறுமாம்.
நாய்க்கு எங்கள் கணக்காளர் சம்மதிக்கவில்லை.
தெஹிவளை டொக்டர் ஒருவர்
குடிபெயரும்போது விட்டுப்போன ஆமை கிடைத்தது.

பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டோம்.
நாலாயிரத்துச் சொச்சம் தபாலட்டை.
வென்ற பெயர்: அவசரம்.
அவசரகாலச் சட்டம் நடக்கும் நாட்டில்
இது நையாண்டியா என்று மேலிடம் கேட்டது.
ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வவுனியாவுக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளை எழுதினாள்:
"நீங்கள் காட்டின விளக்குக்குப் பற்றரி வேணும்.
இஞ்சை பற்றரி விடமாட்டினம்.
பற்றரி இல்லாத ஒண்டை
முன்பே செய்து வையுங்கோ."
ரிஸ்மியா அதை ஒத்திகையில் வாசித்தாள்,
ஒளிபரப்பில் இல்லை.
என் லாச்சிக்குள் கிடக்கிறது.

அந்த வெள்ளி, ஆமர் வீதிச் சந்தியில்
ஆட்டோவை மறித்தார்கள்.
டோர்ச் வெளிச்சம் ஜெகசோதியின் முகத்தில் விழுந்தது.
"அடே, இப்பா மாமா!" என்றார் சார்ஜன்ட்.
பாஷை விளங்காமலே மகள் பார்ப்பாளாம், ஆமைக்காக.
அவனுடைய அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை.
என்னுடையதைக் கேட்டார்கள்.
பிறந்த இடம் கிளிநொச்சி.
பையில் கம்பி, இரண்டு பற்றரி,
மட்டையில் ஒரு மணிக்கூடு.
"இவர் எங்கட ஆள்" என்று ஜெகசோதி கத்தினான்.
"இது என்ன?" என்றார்கள் என்னிடம்.
பழக்கதோஷம்.
"முன்பே செய்து வைத்தது" என்றேன்.

அதைவிட மோசமான பதில்
அந்த ஆண்டு கொழும்பில் இருந்திருக்காது.

சனிக்கிழமை நேரடி ஒளிபரப்பு.
மேசைக்குக் கீழே ஒருவருமில்லை.
ஜெகசோதி வெட்டினானாம், ஒட்டினானாம்,
கையை நீட்டினானாம், வெறுங்கை.
"காயும்வரை பார்த்திருப்போம்" என்றானாம்.
பதினோரு நிமிடம் நாடே பசை காய்வதைப் பார்த்தது.
அவசரம் மேசையைக் குறுக்காகக் கடந்து
முள்ளை மிதித்துவிட்டுப் போனதாம்.

ஞாயிறு விடிய அதே சார்ஜன்ட்,
கையில் பிஸ்கட் பெட்டி மட்டை.
மகளுடைய மணிக்கூட்டில் முள் சுற்றவில்லையாம்.
என் கம்பியை எனக்கே நீட்டினார்.
வளைத்துக் கொடுத்தேன்.
திங்கள் மத்தியானம்தான் விட்டார்கள்.
பற்றரிகளை வைத்துக்கொண்டார்கள்.

ஜெகசோதி இப்போது ரொறன்ரோவில் வீடு விற்கிறான்.
அவனுக்குப் பிறகு ஏழு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள்.
அவசரம் இருக்கிறது.

நேற்று ரிஸ்மியா லண்டனிலிருந்து எடுத்தாள்.
பேத்திக்காக அந்தப் பழைய நிகழ்ச்சியைப் போட்டாளாம்.
தொகுப்பாளர்கள் எல்லாரும் புதுசு, நல்ல வடிவான பிள்ளைகள்.
"ஒரு நொடி கமரா கீழே சரிஞ்சது" என்றாள்.
"மேசைக்கடியில் ஒரு முழங்கை தெரிஞ்சது."

பிறகு இருவரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசவில்லை.
அவள் காசு போய்க்கொண்டிருந்தது.