மின்தடை

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை,
நீடாமங்கலமும் சுற்றுவட்டாரமும்
என்று பேப்பரில் போட்டிருந்தது.
எட்டே முக்காலுக்கே போய்விட்டது.

பதினாறு நூல்கட்டைகள்,
எட்டு இடம்புரி, எட்டு வலம்புரி,
ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடியவை
பாட்டு மறந்த கோலாட்டப் பிள்ளைகளாய்
நின்ற நிலையில் நின்றன.
நடுவே கம்பி, உடுத்தியது பாதி.
இன்னும் பதினோரு மீட்டர் அம்மணம்.

இதை முதலில்
அறுநூற்றைம்பது டிகிரியில் நாள்கணக்காகச் சுடுவார்கள்.
பிறகு காற்றே கட்டியாகும் குளிரில் இறக்குவார்கள்.
அங்கே இதற்கு மின்தடை கிடையாது,
விட்ட கரண்ட் விட்டபடி சுற்றும் என்கிறார் கதிரொளி சார்.
அந்த ஊருக்கு ஈ.பி. யார் சார் என்று கேட்டேன்.

உலையில் பருத்தி சாம்பல், பட்டும் சாம்பல்.
ஆகவே கண்ணாடி நூல்.
அதிலும் கஞ்சி எரித்துப் போக்கியது;
கஞ்சி தங்கினால் கரியாகும்,
கரி கரண்டுக்குக் கதவு திறந்துவிடும்.
கஞ்சி போன நூல் தொட்டால் இறும்,
தொட்டவள் தோலில் ஏறும்.
வெயில் பட்டால் என் மணிக்கட்டு மினுங்கும்.
அரிப்புக்கு எண்ணெய் தடவக் கூடாது,
எண்ணெயும் நாளைக்குக் கரிதான்.

வாசலில் லாரி. பக்கிரிசாமி அண்ணன்
இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார்.
ஜெனரேட்டர் டீசலை முதலாளி
குறுவைக்குத் தண்ணீர் இறைக்க எடுத்துப் போயிருந்தார்.

இயந்திரத்தின் முதுகில் ஒரு கைச்சக்கரம் உண்டு,
நூல் கோக்கும்போது மட்டும் தொடுவது.
அமலோற்பவம் பிடித்தாள்.
பிறகு நான். பிறகு அவள். கொஞ்சம் சாரும்.
அங்குலத்துக்கு எத்தனை பின்னல் என்பது
பற்சக்கரத்தின் கணக்கு;
வேகத்துக்கு அதில் பேச்சில்லை.
வியர்வை விழாமல் நெற்றியில் துண்டு கட்டி
இரண்டரை மணி நேரம்.

ஏட்டில் ஒரு கட்டம்: இயந்திரம் நின்ற இடம், காரணம்.
"412ஆம் மீட்டர், மின்தடை" என்று எழுதி
அடித்தேன். வாங்குகிறவன் பயந்துபோவான்,
கம்பியிலா என்று.
"கரண்ட் போச்சு. கையால் சுற்றினோம்."
சார் இருமுறை படித்துக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டுக்கு போன்.
ரயில்வே கேட்டில் நிற்கிறாராம் அண்ணன்,
இன்ஜின் மாற்றுகிறார்களாம்,
முன்னால் நாகூர் பஸ், பின்னால் விதைநெல் டிராக்டர்.
"கண்ணாடிங்கிறாங்களே, பள்ளத்துல இறக்கலாமா?"
இறக்கலாம், துணி மாதிரிதான் என்றேன்.
ரயில் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை.

ஐந்து மணிக் கரண்ட் ஆறேகாலுக்கு வந்தது.
சுவிட்சை அணைக்க மறந்திருந்தோம்.
கட்டைகள் தாமே ஓடத் தொடங்கி
ஒன்றுமில்லாததைச் சுற்றி
வெள்ளையாய் ஒரு குழாய் பின்னின,
அமலோற்பவம் கை துடைத்துக்கொண்டு வரும்வரை.