வெள்ளைக் கோடு

நூற்றைம்பது தூண்டில் முள்.
எதில் துரு ஏறியிருக்கிறது என்று
கையுறையைக் கழற்றாமலே சொல்லிவிடுவேன்.
இவாலுவின் மேலுதட்டை மட்டும்
மூன்று வயதுவரை தூக்கிப் பார்த்ததில்லை.

உப்பர்நாவிக்கில் இரவு
நவம்பரில் விழுந்தால் ஜனவரியில்தான் எழும்.
அவள் அம்மாவுக்கு மீன் ஆலையில் வேலை.
அழுதால் புட்டி.
புட்டியில் சிவப்புப் பழப்பாகு, கொஞ்சம் வெந்நீர்.
உறிஞ்சிக்கொண்டே உறங்கிவிடுவாள்.
கெட்டிக்கார அப்பன் என்று
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு விமானம், நூக் நகரம், முகமூடி, மயக்கம்.
நான்கு முன்பற்கள்
ஒரு காகிதக் கிண்ணத்தில்.
கை நீட்டி வாங்கியவன் நான்தான்.
எடையே இல்லை.

பல் செவிலி பிபியானே திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
"கறுப்பு கடைசியில் வருவது.
முதலில் ஈறோரம் ஒரு வெள்ளைக் கோடு,
சுண்ணாம்பு தீற்றியதுபோல.
அப்போதே வந்திருந்தால் தடுத்திருக்கலாம்."

வெள்ளையைக் கண்டு
எங்கள் ஊரில் யார் பயந்தார்கள்?

இப்போது மினிக்.
பத்து மாதம். மேலே இரண்டு, கீழே இரண்டு.
பற்பசை ஓர் அரிசியளவு என்றாள் பிபியானே.
மீன்சினையில் ஒரு முட்டை என்று
மனதில் குறித்துக்கொண்டேன்.
"இரவு கடைசிப் பாலுக்குப் பிறகு துலக்கிவிடு.
அப்புறம் தண்ணீர் மட்டும்."
"எந்த இரவு?" என்றேன்.
சிரித்தாள். "வீட்டில் கடிகாரம் இருக்கிறதல்லவா?"

இருக்கிறது.
ஏழரைக்கு அவனை மடியில் கிடத்தித் துலக்குகிறேன்.
பிரஷ்ஷை விட்டுவிட்டு
என் விரலைக் கடிக்கிறான்.
பதினொன்றுக்கு எழுந்து அலறுகிறான்.
தண்ணீரைத் துப்புகிறான்.
புட்டி உருண்டு அடுப்படிக்குப் போகிறது.

அலமாரியில் பழப்பாகு இன்னும் இருக்கிறது,
விருந்தாளிகளுக்கென்று.
என் கை அந்தப் பக்கம் போனது.
பொய் சொல்ல மாட்டேன்.

கதவருகே இவாலு.
ஐந்து வயது.
பல் இல்லாத சந்தில் நாக்கை நுழைத்தபடி நிற்கிறாள்.
"எனக்குக் குடுத்தியேப்பா?"

கோபமா, பொறாமையா,
சும்மா ஒரு கேள்வியா?
இன்றுவரை தெரியவில்லை.
அலமாரியைச் சாத்தினேன்.
அவள்தான் புட்டியைத் தேடி எடுத்தாள்,
கழுவினாள், மறுபடி தண்ணீர் நிரப்பினாள்.
நாற்பது நிமிடம் அழுது,
ஒரு மிடறு குடித்து, தூங்கினான்.

படகில் மாட்டும் தலைவிளக்கை மாட்டிக்கொண்டேன்.
கட்டைவிரலால் மெல்ல
அவன் மேலுதட்டைத் தூக்கினேன்.
பக்கத்தில் இவாலுவும் குனிந்தாள்.

ஈறு சிவப்பு. பல் வெள்ளை.
கோடு இல்லை.

நாளைக்கும் பார்க்க வேண்டும்.